மாத்தறைக்கு எழுதத் தொடங்கும் முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்

நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். தெற்கே மாத்தறைப் பக்கக் கிராமம் ஒன்றில் இருக்கும் ஒரு சிங்களப் பிள்ளையோடு 2018இன் கடைசியில் இருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். மின்னஞ்சலில் தொடங்கி, வட்ஸ்அப்புக்கு வந்து, இப்போது மறுபடியும் மின்னஞ்சல். இடையில் எட்டு மாதம் ஒரு சொல்லும் இல்லை. அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை நங்கி என்பேன், சிங்களத்தில் தங்கைக்கு அதுதான் சொல். இதைக் கேள்விப்பட்ட தம்பி தங்கைகள் சிலர் தாங்களும் தெற்கில் ஒருவரோடு எழுத வேண்டும், எப்படித் தொடங்குவது, எதை எழுதலாம், சண்டை வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு சோடிகளை நானே சேர்த்துவிட்டிருக்கிறேன். பாதி நின்றுபோனது. ஏன் நின்றது என்பதும் ஓரளவு தெரியும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளை எங்கே தேடுவது என்பதில் இருந்து தொடங்குவோம். தமிழ், சிங்களப் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டும் நல்லிணக்க முகாம்களுக்குப் போனவர்களுக்கு அது எப்படி நடக்கும் என்று தெரியும்: மூன்று நாள், ஒரே நிற ரீசேட், கைகோத்து ஒரு படம், கடைசி நாள் எல்லாரும் அழுவது, பிறகு ஒரு வட்ஸ்அப் குழு. இரண்டு வாரத்தில் அந்தக் குழு அடங்கிவிடும். முகாம் வீண் என்று நான் சொல்லவே மாட்டேன், எனக்கு நங்கி கிடைத்தது அப்படி ஒரு முகாமில்தான். ஆனால் ஐம்பது பேர் பார்க்கும் இடத்தில் யாரும் தன் வீட்டுக் கதையை எழுத மாட்டார்கள். குழுவில் இருந்து ஒரே ஒருவரைத் தனியாகக் கேளுங்கள், "மாதம் இரண்டு கடிதம் எழுதுவோமா" என்று. முகாம் கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேராதனையிலும் ருகுணையிலும் படிக்கும் நம்முடைய பிள்ளைகளுக்குத் தெற்கில் நண்பர்கள் இல்லாமல் இருக்காது, அவர்கள் வழியாகக் கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவரின் பேஸ்புக் கொமன்டுக்குப் பதில் எழுதி அதில் இருந்து நட்பு வளரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அப்படித் தொடங்கிய இரண்டு சோடிகளும் முதல் மாதத்திலேயே முடிந்துவிட்டன.

முதல் கடிதம்

இங்கேதான் பாதிப் பேர் தவறு விடுகிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளை எழுதும் முதல் கேள்வி, "2009இல் நடந்ததைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" அந்தப் பக்கத்துப் பிள்ளை எழுதும் முதல் கேள்வி, "உங்களுக்கு ஏன் தனிநாடு தேவைப்பட்டது?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் முகம் தெரியாத ஒருவரிடம் இதைக் கேட்டால், அவருக்குத் தன் இனத்தின் சார்பில் நின்று பதில் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததையும் தொலைக்காட்சியில் கேட்டதையும் அப்படியே எழுதி அனுப்பிவிடுவார்.

நான் எழுதிய முதல் கடிதம் இரணைமடுவைப் பற்றியது. குளத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள், எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகும் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, அம்மா விடிய எழும்பி அதைப் பார்க்கவே போனா, எங்கள் வயலில் என்ன நெல் போட்டிருக்கிறோம், இவ்வளவுதான். கடைசியில் ஒரு கேள்வி: உன் வீட்டில் என்ன விளைகிறது? அவள் பதில் இரண்டு பக்கம் வந்தது. கறுவா. தகப்பன் கறுவாக் கம்பை வெட்டி வந்து மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்துத் தேய்த்துப் பட்டை தளர்ந்த பிறகு கத்தியால் உரிப்பாராம். அந்த வாசம் அவள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் கூட இருக்குமாம். எங்கள் சமையலறைப் போத்தலில் இருக்கும் கறுவா எப்படி உரிக்கப்படுகிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

ஆக, முதல் கடிதத்தில் அன்றைய நாளை எழுதுங்கள். மழை, பஸ், ரியூசன், வீட்டில் என்ன கறி. பதில் சொல்ல எளிதான ஒரே ஒரு கேள்வி. படம் அனுப்புவதென்றால் முற்றத்தை அனுப்புங்கள், உங்கள் முகத்தை இப்போதைக்கு வேண்டாம். முதல் நாலைந்து கடிதம் இப்படியே போகட்டும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், பின்னால் கனமான கடிதம் வரும்போது தாங்குவதற்கு இந்தச் சோறும் வயலும்தான் அடியில் இருக்கும்.

எந்த மொழியில்?

மூன்று வழி இருக்கிறது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலம், அல்லது ஆளுக்காள் தன் மொழியில் எழுதிக் கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு வாசிப்பது, அல்லது ஒருவர் மற்றவரின் மொழியைக் கற்றுக்கொண்டு எழுதுவது. நாங்கள் மூன்றையும் கலந்துதான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது இருவருமே கொஞ்சம் வேறு ஆட்கள் ஆகிவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம். நாகரிகமாக, சுருக்கமாக, பாடப்புத்தகத்தில் வருவது போல எழுதுவோம். அழுகையும் கோபமும் சொந்த மொழியில்தான் வரும். அதனால் கனமான கடிதங்களைத் தமிழில் எழுதுங்கள், மொழிபெயர்ப்புக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்துக்கு எழுதும்போது சில பழக்கம் வேண்டும். தமிழில் நாம் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவோம், "நேற்றுப் போனேன், சொன்னார்கள், வந்துவிட்டேன்" என்று. இயந்திரம் அங்கே யாரையாவது பிடித்துப் போட்டுவிடும். ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் என்று சொல்லுங்கள். வாக்கியத்தைக் குட்டையாக்குங்கள். "வயிறு எரிந்தது" என்று எழுதினால் அங்கே உங்களுக்கு வயிற்றுவலி என்று போய்ச் சேரலாம், "மிகவும் கவலையாக இருந்தது" என்று எழுதிவிடுங்கள். பிறகு, சிங்களத்தில் வந்ததைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். உங்கள் கடிதம் உங்களுக்கே அடையாளம் தெரிந்தால் அனுப்பலாம்.

நம் ஊரில் மட்டும் அர்த்தம் உள்ள சொற்கள் இருக்கின்றன. "இயக்கம்" என்றால் வன்னியில் வளர்ந்தவருக்கு விடுதலைப் புலிகள் என்று தெரியும், இயந்திரத்துக்கு அது வெறும் அசைவு. "பெடியள்" என்பதும் அப்படித்தான். ஆனால் பங்கர், ஷெல், குண்டு போட வரும் கிபிர் போன்றவற்றை மொழிபெயர்க்கவே தேவையில்லை, இரண்டு மொழிக்காரரும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம்.

சிரிப்பான தடுமாற்றங்களும் வரும். ஆங்கில எழுத்தில் சிங்களம் எழுதினால் ஒவ்வொரு வரியிலும் "மம" வரும், அது "நான்". முதல் வாரம் முழுக்க இவள் ஏன் மாமாவைப் பற்றியே எழுதுகிறாள் என்று நான் யோசித்தேன். "ஐயா" அவர்களுக்கு அண்ணன், நமக்குத் தகப்பனோ தாத்தாவோ மரியாதைக்குரிய பெரியவரோ. அக்கா, அம்மா, மச்சான் இரண்டிலும் ஒன்றுதான். ஆச்சியும் ஒன்றுதான், தெற்கிலும் பாட்டியை ஆச்சி என்கிறார்கள். "சரி" என்பதற்கு "ஹரி". இரண்டு வசனத்தைக் கட்டாயம் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: "தேருனே நே", விளங்கவில்லை. "சமாவென்ன", மன்னித்துக்கொள். இந்த இரண்டையும் அவர் மொழியில் சொல்லும்போது எதிரில் இருப்பவர் எவ்வளவு இளகுகிறார் என்று பார்ப்பீர்கள்.

வீட்டுக்குள் இருந்து எழுதுவது

எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கியமானது இதுதான், மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். எப்போதும் உங்கள் வீட்டுக்குள் இருந்து எழுதுங்கள். "எங்கள் சனத்துக்கு நீங்கள் செய்தது" என்று தொடங்கும் கடிதம் எழுதுபவரையும் வாசிப்பவரையும் ஆளுக்கொரு மேடையில் ஏற்றிவிடும். "என் அம்மா அன்று கஞ்சி வரிசையில் நின்றா" என்று தொடங்கும் கடிதத்துக்கு அவர் மேடையில் நின்று பதில் சொல்ல முடியாது.

அதற்காக உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சில முகாம்களில் "பழையதைக் கதைக்க வேண்டாம், எதிர்காலத்தைப் பார்ப்போம்" என்றே பழக்கிவிடுகிறார்கள். பழையதைக் கதைக்காத நட்பு மூன்று மாதத்துக்கு மேல் நிற்காது, எதைச் சொன்னாலும் அது இடையில் வந்து நிற்கும்.

அங்கே இருப்பவர் எதைக் கேட்டு வளர்ந்தார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் நடந்ததை, நாம் முள்ளிவாய்க்கால் என்று சொல்வதை, அவர்கள் "மானுஷீய மெஹெயும" என்று கேட்டிருக்கிறார்கள், மனிதாபிமான நடவடிக்கை. பொதுமக்களில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று அப்போதைய அரசு சொன்னதை அப்படியே நம்பிய வீடுகளில்தான் அவர்கள் வளர்ந்தார்கள். இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னதை நீங்கள் எடுத்து வைத்தால், அவர் அதை மறுக்கும் ஒரு இணைப்பை அனுப்புவார், நீங்கள் இன்னொன்றை அனுப்புவீர்கள். எண்ணில் தொடங்கினால் எண்ணிலேயே நின்றுவிடும். எண் தேவை, அது பிறகு.

நான் எழுதியது இவ்வளவுதான். "நங்கி, 2009 ஏப்ரலில் எனக்குப் பதினொரு வயது. நாங்கள் கடற்கரையில் சாரம், சேலை எல்லாவற்றிலும் மண்ணைக் கட்டி அடுக்கிய பங்கருக்குள் இருந்தோம். அம்மா கஞ்சிக்கு வரிசையில் நின்றா. அரிசியும் தண்ணீரும் உப்பும். ஷெல் விழுந்தது. அம்மா பாத்திரத்தோடு திரும்பி வந்தா, அவவுக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டு மாமி வரவில்லை. பிறகு நாங்கள் செட்டிக்குளம் அகதி முகாமில் ஒரு வருடம் இருந்தோம். அம்மா இப்போதும் வரிசை என்றால் ஆகக் கடைசியில்தான் நிற்பா." இதில் யார் சரி, யார் பிழை என்று ஒரு சொல்கூட இல்லை. அவளுக்குப் பதில் எழுத ஒன்பது நாள் ஆனது.

ஒன்பது நாள் கழித்து அவள் எழுதியது அவளுடைய ஆச்சியைப் பற்றி. 1989இல் ஆச்சியின் கடைசி மகனை இரவில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். தெற்கில் அரசுக்கு எதிரான ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலம், சிங்களத்தில் "பீஷணய" என்று சொல்வார்கள், பயங்கரக் காலம். ஆற்றில் உடல்கள் மிதந்த காலம். அவர் திரும்பி வரவில்லை. ஆச்சி அவருடைய படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறா. 1990இல் மாத்தறையில், காணாமல் போனவர்களின் தாய்மார் சேர்ந்த அன்னையர் முன்னணி தொடங்கியபோது அந்தப் படத்தோடுதான் போனாவாம். யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணி அதற்கு ஆறு வருடம் முன்னதாக, 1984இல். மாத்தறையில் அந்தத் தாய்மாரைத் திரட்டியவர்கள் அப்போது எதிர்க்கட்சியில் இருந்த மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். அதே மகிந்த ராஜபக்சதான் 2009இல் ஜனாதிபதி. இதை நான் சுட்டிக்காட்டவில்லை, அடுத்த கடிதத்தில் நங்கியே எழுதினாள். அவளாகவே அங்கே வந்து சேர்ந்தாள்.

எங்கள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் இருந்து போராட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய படம் ஒன்றை அனுப்பினேன். அவள் கேட்ட முதல் கேள்வி, அந்தப் படங்களும் பொலித்தீன் உறையிலா இருக்கின்றன?

எல்லாருக்கும் இப்படி ஒரு ஆச்சி கிடைக்கமாட்டா. நான் சேர்த்துவிட்ட ஒரு பையனுக்கு வாய்த்தவரின் தகப்பன் ஆமியில் இருந்தவர், ஆனையிறவில் காயப்பட்டவர். அந்தப் பையன் நான் சொன்னபடி செய்தான், தகப்பனின் கால் இப்போது எப்படி என்று மட்டும் கேட்டான். அவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நினைவில் வையுங்கள், தெற்கிலும் இன்றுவரை உடல் வந்து சேராத படையினரின் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

நம் பக்கம் செய்ததைக் கேட்க வேண்டி வரும்போது

வரும். 2020 மே 19 அன்று நங்கி போர்வீரர் படம் ஒன்றைத் தன் ஸ்ரேட்டஸில் போட்டாள். முதல் நாள், மே 18, இங்கே இறந்தவர்களுக்கு விளக்குக் கொளுத்திவிட்டு வந்திருந்த எனக்கு அதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. நாலு திரை நீளத்துக்கு எழுதினேன், அதில் ஒரு வரிகூட என் வீட்டுக்குள் இருந்து எழுதியது இல்லை. அவள் கெபித்திகொல்லாவையைச் சொன்னாள். 2006 ஜூன் 15, பஸ்ஸுக்குக் கிளைமோர், குழந்தைகள் உட்பட 60க்கும் மேற்பட்டவர்கள். நான் உடனே செஞ்சோலையைச் சொன்னேன். அதே 2006, ஓகஸ்ட் 14, விமானக் குண்டு, பள்ளி மாணவிகள் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள். இரண்டுக்கும் இடையில் இரண்டு மாதம்தான். செத்த பிள்ளைகளை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தோம். அதோடு எட்டு மாதம் மௌனம்.

இப்போது நான் சொல்லும் வழி இது. அவர் ஒரு குண்டுவெடிப்பைச் சொன்னால் பதிலுக்கு இன்னொன்றைச் சொல்லாதீர்கள். அன்று பதில் எழுதவே வேண்டாம். "வாசித்தேன், நாளை எழுதுகிறேன்" என்று மட்டும் அனுப்புங்கள், அதை அனுப்பாமல் விட்டால் அவர் வேறு மாதிரி நினைப்பார். பிறகு அந்தச் சம்பவத்தைப் போய் வாசியுங்கள். அங்கே செத்தவர்கள் யார், என்ன வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று. மறுநாள் அதைப் பற்றி மட்டும் எழுதுங்கள், "ஆனால்" போடாமல். உங்கள் செஞ்சோலை எங்கேயும் போய்விடாது, வேறொரு நாள் அதற்கும் ஒரு கடிதம் எழுதலாம், அன்று அவரும் "ஆனால்" இல்லாமல் கேட்பார். கேட்காவிட்டால் அப்போது வெளிப்படையாகச் சொல்லுங்கள், நான் கேட்டேனே, நீயும் கேள் என்று. அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

இன்னொரு வகைக் கடிதமும் இருக்கிறது, அதை நம்மில் அதிகம் பேர் எழுதுவதில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள், எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை. யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். அவர்களில் பெரும்பாலானவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று புத்தளத்தில் இருக்கிறார்கள், நம் வயதுதான், நம் மொழிதான், மொழிபெயர்ப்பே தேவையில்லை. அவர்களில் ஒருவருக்கு எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்: அந்த நாள் நீங்கள் எங்கே நின்றீர்கள், பக்கத்து வீட்டார் போனபோது என்ன செய்தீர்கள்? என் அம்மா அதைச் சொல்ல நிறைய நேரம் எடுத்தா. நியாயம் கேட்கும் பக்கத்தில் இருந்து எழுதிப் பழகியவருக்குப் பதில் சொல்லும் பக்கத்தின் கனமும் தெரிய வரும்.

மே மாதம்

நாட்காட்டியில் சில நாட்களை இருவரும் முன்கூட்டியே குறித்து வையுங்கள். பெப்ரவரி 4 (சுதந்திர தினம்), மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவுநாள்), மே 19 (தெற்கில் போர் வெற்றி நாள்), ஜூலை 23 (1983 கலவரம்), நவம்பர் 27 (மாவீரர் நாள்). அந்த நாட்களில் நான் எப்படி இருப்பேன், எதைப் பார்த்தால் எனக்கு வலிக்கும் என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் இதை 2021க்குப் பிறகுதான் செய்யத் தொடங்கினோம். இப்போது மே 18 அன்று அவள் எதையும் கேட்பதில்லை, ஒரு விளக்குப் படம் மட்டும் வரும். 2019இல் வெசாக் பௌர்ணமியே மே 18 அன்றுதான் வந்தது. எங்கள் முதல் மே அது. ஈஸ்டர் தாக்குதலின் மறுமாதம், இரண்டு ஊரிலும் பயம், அவள் ஊரில் வெசாக் கூடுகள் குறைவு, இங்கே முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி.

சேர்ந்து கொண்டாட ஒரு நாள் வேண்டும் என்றால் சித்திரைப் புத்தாண்டு இருக்கிறது, இரு பகுதியாருக்கும் அதே நாள். "சுப அலுத் அவுருத்தக் வேவா" என்று அனுப்பிவிட்டு அவர்கள் வீட்டில் கொக்கிஸ் சுடும் காணொளியைக் கேளுங்கள், நம் அச்சுமுறுக்கின் சகோதரம் அது.

பாதுகாப்பு

இதைச் சுருக்கமாக ஆனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுக்காகவே இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள். மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் தன் தமிழ்க் கவிதைகளுக்காகக் கைதானார். வன்முறைக்கு எதிரான வரிகளே வன்முறையாக வாசிக்கப்பட்டன. ஒன்றரை வருடம் தடுப்பில் இருந்தார், 2023இல் நீதிமன்றம் விடுவித்தது. மொழி தெரியாதவர் கையில் ஒரு தமிழ் வரி எப்படி மாறும் என்பதற்கு இதைவிட வேறு சொல்ல வேண்டியதில்லை. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது.

ஆகவே, இயக்கச் சின்னம், சீருடைப் படம், பாட்டு, எதையும் அனுப்ப வேண்டாம். வாங்கவும் வேண்டாம். அது உங்களுக்கு மட்டுமல்ல, தெற்கில் இருப்பவருக்கும் ஆபத்து, அவர் அதன் கனம் தெரியாமல் சேமித்து வைத்திருப்பார். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு எவருக்கும் அனுப்புவதில்லை என்று முதல் மாதத்திலேயே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். நின்றுபோன சோடிகளில் மூன்று இதனால்தான் நின்றன, ஒரு வரியைத் துண்டாக எடுத்து நண்பர் குழுவில் போட்டார்கள், அங்கிருந்து அது எங்கெங்கோ போனது. உயர்தரப் பரீட்சை எழுதும் வயதென்றால் வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டு எழுதுங்கள். இன்னொன்று, 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசு சமூக வலைத்தளங்களை முடக்கியது. சரியாக ஒருவரை ஒருவர் விசாரிக்க வேண்டிய நேரத்தில். மின்னஞ்சல் முகவரியும் சாதாரணத் தொலைபேசி இலக்கமும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால்

முதலில் பரீட்சையா, டேட்டா முடிந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அப்படி இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரி: மழை பெய்தது, மாமரம் பூத்திருக்கிறது. "ஏன் எழுதவில்லை" என்று கேட்காதீர்கள். எனக்கு அந்த எட்டு மாதமும் இதைச் செய்யத் தெரியவில்லை, வீம்பாக இருந்துவிட்டேன். 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். மறுநாள் காலை அவளிடம் இருந்து ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. செய்தி பார்த்தேன் அக்கா, நீ எப்படி இருக்கிறாய்? நான் சிங்களத்தில் "சமாவென்ன" என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த வருடம், 2022 பொருளாதார நெருக்கடியில் நாடே இருட்டில் இருந்தபோது எங்கள் கடிதங்கள் மறுபடி நீண்டன. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசை. அம்மா தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் செய்தது போல ஜாம் போத்தலில் விளக்குச் செய்து வைத்தா. கொஞ்சம் பஞ்சு, துளி எண்ணெய், படித்து முடிக்கும்வரை எரியும். அந்தப் படத்தை அனுப்பினேன். இதை உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு நான் எழுதிய பதில் இதுவரை எழுதியதிலேயே நீளமானது. அந்த மே 18 அன்று கொழும்புக் காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராகப் போராடியவர்கள் கஞ்சி காய்ச்சி நினைவுகூர்ந்தார்கள், அவள் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாள், போய் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தாள். உப்பு குறைவாக இருந்தது அக்கா என்று எழுதினாள். அப்படித்தான் இருந்தது என்று பதில் போட்டேன்.

நேரில் சந்திப்பது

அவசரம் வேண்டாம், ஒரு வருடமாவது போகட்டும். அவர்கள் இங்கே வருவதென்றால் கொழும்பில் இருந்து யாழ்தேவி ரயில் வசதி. கிளிநொச்சியில் போர் வெற்றிச் சின்னம் இருக்கிறது, குண்டு துளைத்த சீமெந்துக் கல்லும் அதன் மேல் தாமரையும். சுற்றுலா பஸ்ஸில் வந்த தெற்குப் பிள்ளைகள் பலர் சிறுவயதில் அதன் முன்னால் நின்று படம் எடுத்தவர்கள்தான், நங்கியும் எடுத்திருக்கிறாள். முதலில் அங்கே கூட்டிப் போகாதீர்கள். அவராகக் கேட்டால் போங்கள், அதைக் கடந்து போகும்போது உங்களுக்கு என்ன தோன்றும் என்று சொல்லுங்கள். முதல் நாள் வீட்டிலேயே இருக்கட்டும், அம்மாவோடு குசினியில். பேச மொழி போதாவிட்டால் தேங்காய் துருவக் கொடுங்கள், கையில் வேலை இருந்தால் பேச்சு இல்லாததும் சங்கடமாக இருக்காது. போகும்போது பனங்கட்டி கொடுத்துவிடுங்கள், கித்துள் பாணியோடு வருவார்கள். வார இறுதியென்றால் திரும்பும் ரயிலுக்கு இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், நங்கி கிளிநொச்சியில் ஏறி அநுராதபுரம் வரை நின்றுகொண்டுதான் போனாள்.